வாசிக்காமல் விட்ட பெயர்

வேப்பம்பட்டில் எங்கள் நகரில் குடியரசு தினத்துக்குக் கொடியேற்றினால் மைக் என் கையில்தான் இருக்கும். கும்மிடிப்பூண்டி இரும்புக் கம்பெனியில் எட்டு மணி நேரம் மெஷின் சத்தத்தில் வாய் மூடிக் கிடப்பவன். லீவு நாளில் மைக் கிடைத்தால் விடுவேனா? கொடி ஏறியதும் போரில் இறந்த எங்கள் ஊர்க்காரர்களின் பெயர்களை வாசிப்பது எங்கள் குடியிருப்போர் சங்கத்து வழக்கம். ஒவ்வொரு பெயருக்கும் கூட்டத்திலிருந்து ஒருவர் வந்து பூ வைப்பார்.

மூன்று வருடத்துக்கு முன்னால், விழாவுக்கு முதல் நாள், நாலாவது தெரு பாஸ்டர் ஐயா ஒரு துண்டுச் சீட்டோடு வந்தார். பட்டாளத்தில் போதகராக இருந்தவர். கிறிஸ்தவ ஜவான்களுக்கு அவர், இந்துக்களுக்கு ஒரு பண்டிட், முஸ்லிம்களுக்கு ஒரு மௌல்வி. மூவர் கையிலும் துப்பாக்கி கிடையாது. மூவருக்கும் ஒரே கூடாரம்.

"இந்த ஒரு பேரையும் சேத்துப் படிச்சுடு தம்பி," என்றார். சீட்டில் இருந்தது அந்த மௌல்வியின் பெயர்.

"நம்மூருக்காரர் இல்லியே ஐயா?"

"இல்ல. எனுக்குப் பதிலா போயி செத்தவரு."

மலையில் சண்டை நடந்த சமயம். மேல் போஸ்ட்டில் ஒரு கிறிஸ்தவ ஜவான் சாகக் கிடக்கிறான், ஜெபம் கேட்கிறான் என்று தகவல் வந்திருக்கிறது. இவர் காய்ச்சலில் எழுந்திருக்க முடியாமல் கிடந்தார். ஸ்ட்ரெச்சர் தூக்குபவர்களோடு மௌல்வி கிளம்பிவிட்டார்.

"அவருக்கு உங்க ஜெபம் தெரியுமா?"

"ஒரே டென்ட்டுல மூணு வருசம் படுத்துக்கினு இருந்தா தெரியாம போவுமா? அவரு பாங்கு எனுக்கு மனப்பாடம். நான் ஜெபத்துல ஒரு வரிய முழுங்குனா பண்டிட்டு எடுத்துக் குடுப்பாரு." சிரித்தார். பிறகு, "அந்தப் பையனுக்கு ஜெபம் சொல்லிட்டுத்தான் எறங்கியிருக்காரு. வழியில ஷெல் உழுந்துச்சு. நான் போயிருக்கணும்," என்றார்.

இத்தனை வருடத்தில் எந்த மேடையிலும் அந்தப் பெயரை யாரும் சொல்லி அவர் கேட்டதில்லையாம். ஒரு தடவை காதால் கேட்டால் போதும் என்றார்.

மறுநாள் சீட்டு என் சட்டைப் பையில் இருந்தது. நான் பேசினேன். கம்பெனி பஸ்ஸில் கேட்டது, டீக்கடையில் கேட்டது என்று கதை கதையாக எடுத்துவிட்டேன். ஜனங்கள் சிரிக்கச் சிரிக்க எனக்கு உற்சாகம் ஏறிக்கொண்டே போனது. கொடியேற்ற வந்தவர் என் காதோரம் குனிந்து, "செவ்வாப்பேட்டைல இன்னொரு கொடி இருக்குதுபா, சீக்கிரம் முடி," என்றார். பட்டியலை விறுவிறுவென்று வாசித்தேன். சீட்டை எடுக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று பலரிடம் சொல்லியிருக்கிறேன். மறக்கவில்லை. கை பைக்குப் போனது. நம் ஊர்க்காரர் இல்லை, சண்டை போட்டவரும் இல்லை, அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று கை திரும்பி வந்தது.

பாஸ்டர் ஐயா கோட்டில் மெடல் குத்தி, கையில் ஒரு சாமந்திப் பூவோடு கடைசிவரை நின்றிருந்தார்.

"அடுத்த வருசம் மொதல் பேரா படிச்சுடறேன் ஐயா."

"சரிப்பா," என்றார். பூவை என்ன செய்வதென்று தெரியாமல் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

அன்றைக்கே சட்டையை வீட்டில் ஊறப் போட்டுவிட்டார்கள். சீட்டு கூழாகிப்போனது. ஒரே தடவை பார்த்த பெயர் என் நினைவிலும் நிற்கவில்லை. போய் இன்னொரு தடவை எழுதி வாங்கியிருக்கலாம். வெட்கத்தில் தள்ளிப்போட்டேன். ஆடி மாதம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. சில வாரங்களில் பேச்சு திரும்பியது, பெயர்கள் திரும்பவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டேன்.

"மௌல்வி சாப்," என்றார். "மௌல்வி சாப்னுதான கூப்புடுவோம்."

அவர் மனைவிக்கும் தெரியவில்லை. பென்ஷன் காகிதத்தில் இருந்த பட்டாள ஆபீஸ் முகவரிக்கு இரண்டு கடிதம் போட்டேன். பதில் வரவில்லை.

அடுத்த குடியரசு தினத்தில் நான் கதை எதுவும் சொல்லவில்லை. "முதலில் ஒரு மௌல்வி. நண்பருக்குப் பதிலாக மலை ஏறியவர்," என்றேன். அதற்கு மேல் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. முன்வரிசை நாற்காலியில் இருந்த பாஸ்டர் ஐயா மனைவி பக்கம் சாய்ந்தார்.

"பேரு படிச்சானா?"

"படிச்சாருங்க," என்றார் அந்த அம்மா, என்னைப் பார்க்காமல்.