மூச்சு ஆராய்ச்சியில் சேர்ந்த வருஷம்

எனக்கு இழுப்பு சின்ன வயதிலிருந்தே உண்டு. கல்யாணமாகி பள்ளிவாசல் என்ற மலையூர்ப் பக்கம் எஸ்டேட் லயத்து வரிசை வீடு ஒன்றுக்கு வந்து, தேயிலை பேக்டரியில் சலிக்கும் இடத்தில் வேலைக்குப் போனதும் கூடிவிட்டது. தூள் அப்படி.

முதல் பிள்ளை வயிற்றிலேயே இறந்து பிறந்தது. துணியில் சுற்றிக்கொண்டு போய்ப் புதைத்தவர் என் கணவர். சுற்றுலாக்காரர்களுக்கு ஜீப் ஓட்டுகிறவர். வெளியே அதிர்ந்து பேசமாட்டார். நான் உறிஞ்சிய இன்ஹேலர்தான் பிள்ளையைக் கொன்றது என்று அவர் மனதில் விழுந்துவிட்டது. அதற்கப்புறம்தான் கை நீட்ட ஆரம்பித்தார்.

மறுபடி உண்டானபோது, இழுப்பு உள்ள கர்ப்பிணிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்ய ஒரு டாக்டரம்மா எஸ்டேட் ஆஸ்பத்திரிக்கு வந்துபோனார். மலையாளி. ஒரு குழாயைக் கையில் தந்து, "ஆழமா மூச்செடுத்து ஒரே ஊத்து ஊதணும், கேட்டோ" என்பார். ஊதினால் உள்ளே முள் நகரும். ரத்த அழுத்தமும் பார்ப்பார். "உனக்கு மூச்சு முட்டினா பிள்ளைக்கும் முட்டும். மருந்தை நிறுத்தாதே" என்றார். அந்த ஆராய்ச்சியில் சேர்ந்தேன். வீட்டில் சொல்லவில்லை.

ஏழாம் மாதம். மழை பெய்து ஜீப் ஓடாததால் மத்தியானமே அவர் வந்துவிட்டார். அடுக்களையில் நான் இன்ஹேலரும் வாயுமாக நின்றிருந்தேன்.

"என்னத்தடி உறிஞ்சுத? இதையும் கொல்லப் போறியா?"

பிடுங்கிக் கீழே போட்டு மிதித்தார். எனக்கு இழுப்பு ஏறிக்கொண்டிருந்தது. கீழே குனிந்தவளை முடியைப் பிடித்துத் தூக்கிச் சுவரில் இடித்தார். பிறகு கழுத்தைப் பிடித்தார். ஏற்கனவே பாதி மூச்சுதான் இருந்தது, அதுவும் நின்றது. கண் இருண்டது. வயிற்றுக்குள் பிள்ளை உதைத்தது மட்டும் தெரிந்தது. அவர் கட்டைவிரல் என் வாய்க்கு எட்டியபோது எலும்பு தட்டும்வரை கடித்தேன். அவர் அலறியதில்தான் பக்கத்து வீட்டு அக்கா ஓடி வந்தாள். கையில் அவள் புருஷன் தேயிலைச் செடி வெட்டுகிற கவாத்துக் கத்தி.

"கையை எடுல. வெட்டிப் போட்டுருவேன்."

எடுக்கவில்லை. அவள் வெட்டினாள். தோளில் விழுந்தது. ரத்தம் என் முகத்தில் தெறித்ததும் கழுத்து விடுபட்டது.

லயத்து ஆட்கள் என்னை வேறொரு ஜீப்பில் ஏற்றினார்கள். ஆஸ்பத்திரியில் ரத்த அழுத்தம் தாறுமாறாக இருந்தது; அன்றே வயிற்றைக் கிழித்துப் பிள்ளையை எடுத்தார்கள். உள்ளங்கையில் அடங்குகிற மாதிரி ஒரு பெண். நுரையீரல் முற்றவில்லை என்று மூக்கில் குழாய் வைத்தார்கள்.

டாக்டரம்மா கேள்விப்பட்டு வந்தார். என் கழுத்தில் பதிந்திருந்த விரல் தடங்களை ரொம்ப நேரம் பார்த்தார். "புகை, தூசி, அடுப்பு எல்லாம் கேட்டேன். இதைக் கேட்கவே இல்லையே" என்றார். அப்புறம் ஒவ்வொரு பெண்ணையும் தனியே கூப்பிட்டு, வீட்டில் யாராவது அடிக்கிறார்களா என்றும் கேட்க ஆரம்பித்ததாக அக்கா சொன்னாள்.

தோளில் கட்டோடு என் கணவரும் அதே ஆஸ்பத்திரியில்தான் கிடந்தார். நான் சொன்னதைக் கேட்டு, பழைய ஆஸ்பத்திரிச் சீட்டையும் பார்த்துவிட்டு, போலீஸ்காரர் பக்கத்தில் நிற்க, டாக்டரம்மா அவரிடம் போய்ச் சொன்னார்: "முதல் பிள்ளைக்கு நஞ்சுக்கொடி வழியா ரத்தம் சரியாப் போகலை. மருந்து காரணம் இல்லை." அவர் கட்டிலை விட்டு இறங்கி நெற்றியைச் சுவரில் மோதினார். ரத்தம் வந்தும் நிறுத்தவில்லை. மூன்று பேர் பிடித்து இழுத்தார்கள். என் வார்டு வரைக்கும் சத்தம் கேட்டது. இரக்கம் வரவில்லை, பயம்தான் வந்தது.

பிள்ளை பிழைத்தது. நான் லயத்துக்குத் திரும்பவில்லை. கொல்லங்கோட்டில் விவசாயக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்ட என் தங்கை வந்து கூட்டிப் போனாள். "இங்கயே இருந்துக்கங்க. இதும் உங்க ஊடுதானுங்க" என்றார் தங்கை வீட்டுக்காரர். என் கணவர் மேல் வழக்கு நடக்கிறது. கத்தி எடுத்ததற்காகப் பக்கத்து வீட்டு அக்கா மீதும் ஒரு வழக்கு. அவளுக்காகக் கூண்டேறிச் சாட்சி சொன்னேன்.

மகளைப் பார்க்க வேண்டும் என்று போன மாதம், ஜாமீனில் வந்திருந்த என் கணவர் ஆள் அனுப்பினார். போலீஸ் ஸ்டேஷனில் வைத்துப் பார்க்கட்டும் என்றேன். போய்க் காத்திருந்தோம். அவர் வரவில்லை.