ஆறு வரிச் சட்டக் கருத்து

என் மனைவியின் தம்பி ஒரு சின்னத் தீவு நாட்டின் சட்டமா அதிபர். யாழ்ப்பாணத்தில் சட்டத்தரணியாக இருந்த அவரை ஒப்பந்தத்தில் அழைத்துக்கொண்டார்கள். அந்த அரசாங்கம் எதைச் செய்வதற்கும் சட்டத்தில் இடமிருக்கிறதா என்று முதலில் அவரிடம்தான் கேட்க வேண்டும். அவருக்குக் கீழே நான்கு சட்டத்தரணிகள். எங்கள் கட்டடத்தில் குடியிருப்போர் அதைவிட ஏழு பேர் அதிகம்.

கடந்த வசந்தத்தில் ஒன்பது நாள் விடுமுறைக்கு, ஜெர்மனியில் நாங்கள் இருக்கும் எசன் நகருக்கு வந்திருந்தார். ஐந்தாம் நாள் காலை இடியப்பம் பரிமாறும்போது அந்நாட்டுப் பிரதமர் தொலைபேசியில் அழைத்தார். படகில் வந்து கரையேறிய பத்தொன்பது பேரை விசாரணையின்றி மறுநாள் விமானத்தில் திருப்பி அனுப்பப் போகிறார்களாம். மைத்துனர் சரி என்றால் போதுமாம். கேள்வியை எழுதி அனுப்புங்கள், பதிலும் எழுத்தில் வரும் என்று சொல்லி மைத்துனர் தொலைபேசியை வைத்துவிட்டார்.

நான் கணக்குப் போட்டேன். அவருடைய ஒப்பந்தம் முடிய எண்பத்திரண்டு நாள் இருந்தது. அதைப் புதுப்பிக்க வேண்டியவர் அதே பிரதமர். மைத்துனருடைய இரண்டு பிள்ளைகள் பல்கலைக்கழகத்தில்.

"வாயால ஓம் எண்டு சொல்லியிருக்கலாமே, தம்பி. நீர் ஆரின்ர பக்கம்?" என்று கேட்டேன்.

"அரசாங்கத்தின்ர பக்கம்தான், அத்தான். அதாலதான் ஏலாது எண்டு சொல்லப்போறன்."

"பிரதமருக்கு ஏலாது எண்டுறவன் என்ர சொதிக்கு ஏலாது எண்டானோ பாருங்கோ," என்றாள் மனைவி. அவர் இடியப்பத்தின் மேல் மூன்றாம் தடவை தேங்காய்ப்பால் சொதி ஊற்றிக்கொண்டிருந்தார்.

நாற்பது நிமிடத்தில் கேள்வி வந்தது. மூன்று முறை வாசித்தார். பிறகு எங்கள் பழைய கணினியில் ஆறு வரி எழுதினார். ஒருவர் சொல்வதைக் கேட்காமல் அவரைத் திருப்பி அனுப்ப அந்நாட்டு அரசியலமைப்பில் இடமில்லை. அனுப்பினால் நீதிமன்றத்தில் அதைச் சரியென்று வாதாடத் தன்னால் இயலாது. சாரம் அவ்வளவுதான்.

நான் அகதியாக வந்தபோது ஓர் அதிகாரி மூன்று மணி நேரம் என் கதையைக் கேட்டார். கேட்டே ஆகவேண்டும் என்று யாரோ ஒருவர் ஒரு மேசைக்குப் பின்னால் இருந்து சொல்லியிருப்பார் என்று இத்தனை வருடத்தில் நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

மறுநாள் காலை பிரதமரின் இரண்டு வரிப் பதில் அவருடைய தொலைபேசிக்கு வந்தது. விமானம் நிறுத்தப்பட்டது; பத்தொன்பது பேரும் விசாரிக்கப்படுவார்கள். ஒப்பந்தத்தைப் பற்றி ஏதாவது இருக்கிறதா என்று நான் தொலைபேசியை வாங்கி மேலும் கீழும் இரண்டு தடவை தேடினேன். இல்லை. அவர் தேடவில்லை. தொலைபேசியை என் கையிலேயே விட்டுவிட்டு முகம் மழிக்கப் போனார். குளியலறைக்குள் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. மூடிய கதவுக்கு வெளியே நின்று அந்த இரண்டு வரியை மறுபடி வாசித்தேன்; இந்தத் தடவை ஒப்பந்தத்தைத் தேடாமல்.