மயக்கத்தில் இருந்த அதிபர்

கூடத்தில் கண்ணாடி அலமாரி கிறீச்சென்று திறந்தது. அதைத் தொடர்ந்து பீங்கான் கோப்பைகள் ஒன்றோடொன்று உரசும் சத்தம். ஒன்று, இரண்டு, மூன்று.

படுக்கையறையில் போர்வைக்குள் கிடந்த வின்சென்ட்டுக்கு, காலையில் ஏற்றிய மயக்க மருந்தின் மிச்சம் அந்த நொடியே இறங்கிவிட்டது. தங்க விளிம்பு வைத்த அந்தக் கோப்பைகள் வெளியே வருவது சாதாரண விஷயமா? கடைசியாக அவை வந்தது வீடு மந்திரிக்க வந்த பங்குச் சாமியாருக்கு. கூடப் பிறந்த தம்பி வந்தால்கூட அந்த வீட்டில் பிளாஸ்டிக் குவளைதான்.

"சீனி போடலாமா?" என்று மனைவி தெரேசாவின் குரல் கேட்டது.

"கொஞ்சமா போடுங்கக்கா. எனக்கும் ரிப்போர்ட்ல சுகர் ஏறித்தான் இருக்கு லா," என்றது இன்னொரு பெண்குரல்.

அந்தக் குரலை எட்டு மாதங்களுக்கு முன் ஒரே ஒரு முறை தொலைபேசியில் கேட்டிருக்கிறார். மகளை விரும்பும் குகனின் தாய் ஜெயலெட்சுமி! செபராங் ஜெயாவிலிருந்து பினாங்குப் பாலம் தாண்டி, சுங்கை பினாங் அடுக்குமாடியின் பதினோராவது மாடி வரைக்கும் வந்தேவிட்டார்!

வின்சென்ட் யாரென்று சொல்லிவிட்டால் அவருடைய நெஞ்சு ஏன் அப்படி அடித்துக்கொண்டது என்பது புரியும். வயது அறுபத்து மூன்று. கப்பல் கம்பெனியில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். சிங்கப்பூரைத் தாண்டி எங்கும் போனதில்லை. இரண்டாயிரமாம் ஆண்டு அம்மை போட்டு வீட்டில் கிடந்தபோது, அமெரிக்கத் தேர்தலில் ஃபுளோரிடா மாநில வாக்குகளை வாரக்கணக்கில் எண்ணிக்கொண்டிருந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தார். நாட்டிலேயே அதிக வாக்கு வாங்கியவர் தோற்றுப்போனார். இது என்ன அநியாயம் என்று விசாரிக்கத் தொடங்கியவர்தான். அம்மை இறங்கியது. அமெரிக்கா இறங்கவில்லை.

மக்கள் போடும் வாக்கு நேராக அதிபருக்குப் போவதில்லை. மாநிலத்துக்கு இத்தனை என்று தேர்வாளர்கள் இருக்கிறார்கள். மாநிலத்தில் ஜெயித்தவருக்கே அத்தனை பேரும்; இரண்டே இரண்டு மாநிலங்கள் மட்டும் பிரித்துக் கொடுக்கும். மொத்தம் ஐநூற்று முப்பத்தெட்டு. இருநூற்று எழுபது கிடைத்தால் வெற்றி. சூலியா தெருத் தேநீர்க் கடையில் அவர் இதைச் சொல்லாத நாளில்லை. "அண்ணே, நம்ம ஊர் எலெக்‌ஷன்ல வோட்டுப் போட்டீங்களா?" என்று கடைக்காரர் ஹபீப் முகம்மது ஒருநாள் கேட்டார். "வரிசை நீளமா இருந்துச்சு," என்றார் வின்சென்ட்.

வீட்டிலும் அதே சட்டம்தான். கெரேத்தா, அதாவது கார், வாங்கும்போது மனைவியும் மகள் நட்டாலியும் சிவப்பு வேண்டும் என்றார்கள். இவருக்கு வெள்ளை. இரண்டுக்கு ஒன்று. ஆனால் அறைகள்தாம் மாநிலங்கள் என்று அறிவித்தார். சமையலறைக்கு நான்கு தேர்வாளர், மகள் அறைக்கு மூன்று, தொலைக்காட்சி இருக்கும் கூடத்துக்குப் பத்து. கூடத்தின் ஒரே வாக்காளர் அவர். வெள்ளைக் கெரேத்தா வந்து நின்றது.

இப்படிப்பட்டவரைத்தான் எட்டு மாதங்களுக்கு முன் குகன் பழக்கூடையோடு பெண் கேட்டு வந்தான். நல்ல பையன். நட்டாலியோடு ஒரே அலுவலகம். வின்சென்ட் ஒரே ஒரு கேள்வி கேட்டார். அமெரிக்காவில் அதிபரை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்?

"அதிக வோட்டு வாங்குனவங்கதானே, அங்கிள்?"

பழக்கூடை அன்று பிரிக்கப்படவே இல்லை. மாதா கோயிலில் கேட்டவர்களிடம் மதம் வேறு என்றார். மனைவியிடம் தூரம் என்றார். மகளிடம், "விஷயம் கமிட்டியில இருக்கு," என்றார். எட்டு மாதமும் கமிட்டி கூடவில்லை. நட்டாலியின் தலையணை நனைந்ததுதான் மிச்சம்.

இந்த நிலையில்தான் குடல் பரிசோதனை வந்தது. மயக்கம் கொடுப்பார்கள் என்றதும் வேறொருவர் பயப்பட்டிருப்பார். வின்சென்ட்டின் முகம் மலர்ந்தது. அமெரிக்க அதிபர்களும் இதே பரிசோதனைக்குப் போனால், மயக்கம் தெளியும்வரை அதிகாரத்தைத் துணை அதிபரிடம் எழுதிக் கொடுப்பார்கள்; தெளிந்ததும் இன்னொரு கடிதம் எழுதித் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். வின்சென்ட் இரண்டு கடிதங்களையும் முன்கூட்டியே எழுதினார். தெரேசாவிடம் அதிகாரத்தைக் கொடுக்கும் முதல் கடிதத்தில் கையெழுத்திட்டு ஒரு பிரதியைச் சபாநாயகர் என்ற முறையில் நட்டாலியிடம் கொடுத்தார். செனட்டுக்கு வீட்டில் ஆள் இல்லை. அதனால் செனட்டுக்கான பிரதியை ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டினார்.

இரண்டாவது கடிதம்? ஐயோ! அவர் துள்ளி எழுந்து ஆணியில் தொங்கிய சட்டைப் பையைத் தடவினார். கடிதம் அங்கேயே இருந்தது. கையெழுத்து இல்லாமல்! அப்படியென்றால் மாலை நான்கு மணியான இந்த நிமிடம்வரை வீட்டின் அதிபர் தெரேசா!

பேனாவைத் தேடினார். மேசையில் இல்லை, இழுப்பறையில் இல்லை. அலமாரிக் கதவைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். கதவின் உட்புறத்தில் ஆறு அமெரிக்க வரைபடங்கள், தேர்தலுக்கு ஒன்றாக. முதல் படத்தில் நட்டாலிக்கு ஏழு வயது. டெக்சஸுக்கு அடித்த சிவப்பு மெக்சிகோவுக்குள்ளும் வழிந்திருந்தது. நான்கு ஆண்டுக்கு ஒரு புதன்கிழமை காலை, அங்கே வாக்கு எண்ணும்போது, அப்பா மாநிலத்தின் பெயரைச் சொல்லச் சொல்ல மகள் வண்ணம் அடிப்பாள். கீழே ஒரு டப்பாவில் சிவப்பும் நீலமுமாக மெழுகுக் குச்சிகள். பேனா மட்டும் இல்லை.

அவர் கைலியை இறுக்கிக்கொண்டு, மருத்துவமனை மாட்டிவிட்ட பிளாஸ்டிக் வளையம் மணிக்கட்டில் ஆட, கூடத்துக்கு வந்தார்.

"பேனா எங்க?"

"எதுக்கு டேடி?" என்றாள் நட்டாலி.

"அதிகாரத்தைத் திரும்ப எடுக்கணும்."

ஜெயலெட்சுமி தம் கைப்பையைத் திறந்து ஒரு பேனாவை நீட்டினார். "இந்தாங்கண்ணே. உடம்பு எப்படி இருக்கு?"

"குடல் சுத்தமா இருக்குன்னாங்க," என்ற வின்சென்ட் மனைவியின் பக்கம் திரும்பினார். "தெரேசா! என்ன பண்ணி வச்சிருக்க?"

"கல்யாணத்துக்குச் சம்மதம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். காலையில பத்தே காலுக்கு. நீங்க உள்ளே குறட்டை விட்டுக்கிட்டு இருந்தீங்க."

"யாரைக் கேட்டு?"

"யாரைக் கேக்கணும்? நான்தானே பிரசிடெண்ட்! சபாநாயகரும் கையெழுத்துப் போட்டாச்சு. ஃபிரிட்ஜ் ஒண்ணும் சொல்லல."

ஃபிரிட்ஜ் கதவில், அவருடைய கடிதத்துக்குக் கீழே, மருத்துவமனை வரிசை எண் சீட்டு ஒன்று ஒட்டியிருந்தது. அதன் பின்பக்கத்தில் மகளின் தலையெழுத்து!

"இதோ, இப்பவே நான் கேன்சல் பண்றேன்," என்று பேனா மூடியைத் திறந்தார்.

"ஒரு சந்தேகம் அண்ணே," என்றார் ஜெயலெட்சுமி. "எனக்குத் தெரியாது, கேக்குறேன். அங்க பிரசிடெண்ட் மயக்கத்துல இருக்குறப்ப, வைஸ் பிரசிடெண்ட் ஒரு சட்டத்துல கையெழுத்துப் போட்டுட்டா, அவரு எந்திரிச்சு வந்து அதை அடிச்சிட முடியுமா?"

நட்டாலி தாயின் கையைப் பற்றிக்கொண்டாள். 'முடியும்' என்று ஒரு பொய். அது போதும், மகள் வீட்டோடு இருப்பாள். இந்தக் கூடத்தில் யாருக்கு என்ன தெரியும்? ஆனால் தப்பான பதில் சொன்ன குற்றத்துக்காக ஒரு பையனை எட்டு மாதம் வாசலில் நிறுத்திவைத்தவர் அல்லவா அவர்! பெற்ற பாசம் ஒரு பக்கம் இழுத்தது. கால் நூற்றாண்டுப் படிப்பு மறுபக்கம் இழுத்தது.

"முடியாது," என்றார் வின்சென்ட். "சட்டம் சட்டம்தான். தனியா ஒண்ணும் செய்ய முடியாது."

தெரேசா கேசரித் தட்டை அவர் முன்னால் நகர்த்தினாள். நேற்றிலிருந்து பட்டினி கிடந்த மனிதர் ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டு, சட்டென்று நிமிர்ந்தார்.

"இந்தக் கேள்வியை உங்களுக்கு யார் சொல்லிக் குடுத்தா?"

"வேற யாரு? குகன்தான். எட்டு மாசமா வேலை முடிஞ்சு வந்தா இதே படிப்பு. மெய்னும் நெப்ராஸ்காவும் மட்டும் பிரிச்சுக் குடுக்கும்மான்னு நேத்து சாப்புடுறப்ப சொல்றான். மீனைத்தான் கேக்குறான்னு நெனச்சு நான் ரெண்டாப் பிரிச்சு வச்சேன்."

நட்டாலி சிரித்தாள். எட்டு மாதம் கழித்துச் சிரித்தாள். வின்சென்ட்டின் கண்கள் குளமாயின.

"எனக்கு மதமும் பிரச்சினை இல்ல, தூரமும் பிரச்சினை இல்லம்மா," என்றார் ஜெயலெட்சுமியைப் பார்த்து. "ரெண்டாயிரத்து இருபத்தெட்டு, நவம்பர் மாசம், புதன்கிழமை காலையில நான் ஒஹாயோன்னு சொன்னா இங்க யாரு கலர் அடிப்பா?"

"அதுக்கா டேடி இவ்வளவும்?" என்று நட்டாலி ஓடிவந்து அவர் தோளில் முகத்தைப் புதைத்தாள்.

"ரெண்டு பேரும் லீவு போட்டுட்டு வருவாங்கண்ணே," என்றார் ஜெயலெட்சுமி. "நானும் வர்றேன். கேசரி கொண்டாறேன்."

வின்சென்ட் மூக்கை உறிஞ்சிக்கொண்டு இரண்டாவது கடிதத்தில் கையெழுத்திட்டார். தெரேசா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தையும் குறிக்கச் சொன்னாள்.

"சரி, இப்ப நீங்கதான் பிரசிடெண்ட். போய் அந்தக் கோப்பையெல்லாம் கழுவி வைங்க. கைப்பிடி பத்திரம்."

ஜெயலெட்சுமி விடைபெற்றார். அவர் மின்தூக்கி வரைக்கும் போன பிறகுதான் வின்சென்ட் கையைப் பார்த்தார்.

"ஐயோ, உங்க பேனா!"

"வச்சிக்குங்கண்ணே. கல்யாண ரிஜிஸ்தர்ல கையெழுத்துப் போடணுமே!"

"அந்தப் பையன் கோடு தாண்டாம கலர் அடிப்பானா?" என்று அவர் கத்தினார்.

"கத்துக்குவான் லா!" என்ற பதிலோடு மின்தூக்கி கீழே இறங்கியது. வின்சென்ட் பேனாவைக் காதில் செருகிக்கொண்டு, இரும்புக் கதவை இழுத்துப் பூட்டி, மரக்கதவையும் சாத்தினார்.