சாலையோரம் கோமதிநாயகம் குந்தியிருந்தபோது

சங்கரன்கோவில் ஊராரே, என் முகநூல் தோழர்களே, கேளுங்கள்.

கோமதிநாயகம் இறந்துவிட்டார். நேற்றுக் காலை பத்து மணிக்கு, மேலநீலிதநல்லூர் சாலையில், ஆள் நடமாட்டத்துக்கு நடுவே.

மிதிவண்டியை ஒரு மரத்தில் சாய்த்துவிட்டு ஓரமாகக் குந்தியிருக்கிறார். அரை மணி நேரம்... பேருந்து போயிருக்கிறது, பால் வண்டி போயிருக்கிறது. ஒருவரும் நிற்கவில்லை.

அவ்வழியே போன ஒருவர் என்னிடம் சொல்லி அழுதார். “அண்ணாச்சி வெளிக்கு இருக்காவன்னு நெனச்சு மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போயிட்டேன். குத்தவச்சிருக்கற மனுசன எப்படிப் பாக்க?”

அவர்மேல் எனக்குச் சினம் இல்லை. வழியோரம் குந்தியிருப்பவரைக் கண்டால் முகம் திருப்பிக்கொள்வது நம் ஊர்ப் பண்பாடு.

ஆனால் கோமதிநாயகம் அதற்காகக் குந்தவில்லை, ஊராரே.

இருபது அகவையிலிருந்தே அவருக்கு இதயத் துடிப்பில் கோளாறு. எவ்வித அறிகுறியும் இன்றித் தொடங்கும், எண்ண முடியாத வேகத்தில் அடிக்கும், தானே நின்றுவிடும். பிறகு ஒரு வாரம் இராது. மறுபடியும் வரும்.

குந்தி உட்கார்ந்து, மூச்சை அடக்கி, அடிவயிற்றை இறுக்கி முக்கினால் சில வேளை சட்டென்று நிற்கும். எந்த மருத்துவரும் சொல்லித் தந்ததன்று. தாமே கண்டறிந்தது.

ஆயினும் மிதிவண்டியை அவர் விடவில்லை. வேலை பார்க்கும் நெசவுக்கூடத்தில் தறி நின்றதும் ஏறிவிடுவார். பனவடலிசத்திரம் வரை போய்த் திரும்பினால்தான் அவருக்கு அன்றைய நாள் முடியும்.

“கொஞ்ச நாள் சைக்கிள விட்டுப் பாரேன் கோமதி” என்றேன் ஒருமுறை.

“படுத்தாலும் வருது, நடந்தாலும் வருது. சைக்கிள்ல இருக்கும்போது வந்தா மட்டும் என்ன வே? அதுவாவது காத்து வாங்கட்டும்.”

திருநெல்வேலிக்கு எத்தனை முறை போனார்! பேருந்து போய்ச் சேர்வதற்குள் துடிப்பு அடங்கிவிடும். இதயத் துடிப்பைப் பதிந்த தாளில் ஒரு குற்றமும் இராது. ‘மனப்பயம்’ என்று எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள்.

“டாக்டர் முன்னால மட்டும் நல்ல புள்ள மாதிரி அடிக்குது வே” என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பை நான் நம்பினேன். நோயை நம்பவில்லை.

எழுபதுகளின் கடைசி அது. கால் தரையில் படாமல் மூன்று நாள் மைதானத்தைச் சுற்றும் மிதிவண்டி விளையாட்டு உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். உண்பதும் உடை மாற்றுவதும் வண்டியின் மேலேயே. எப்போதும் வெளியூர்க்காரர்கள்தாம் வந்து சுற்றுவார்கள். அம்முறை நம் ஊர்க்காரர் ஒருவர் ஏறினார். கோமதிநாயகம்.

ஒலிவாங்கி என் கையில்; அறிவிப்பாளன் நான்.

இரண்டாம் நாள் நண்பகலில் அவர் முகம் வெளுத்தது. தலையில் தண்ணீர் ஊற்றச் சொன்னார். ஊற்றினார்கள். மேலும் இரண்டு சுற்று வந்தார்... பிறகு காலை ஊன்றிவிட்டார். மைதானத்தின் நடுவிலேயே குந்தினார். முக்கினார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா?

“பெருமக்களே! நம் மாவீரருக்கு வீரம் பின்வழியாக இறங்குகிறது!” என்று முழங்கினேன்.

மைதானமே வெடித்துச் சிரித்தது. “ஏலே குத்தவச்சான், எந்திலே!” என்று எவனோ கத்தினான். அந்த நொடியில் ஒட்டிய பெயர் அது.

அச்சிரிப்பைக் கேட்டவர்கள்தாம் என்னை அடுத்த மேடைக்கு அழைத்தார்கள். மறைக்க மாட்டேன்.

மறு ஆண்டு, புளியங்குடிச் சாலையில் இருவரும் போகையில் அது வந்தது. பாலத்துச் சுவரில் சாய்ந்தவர், என் கையைப் பிடித்துத் தம் கழுத்தில் வைத்தார். தறியில் நாடாக்கட்டை இங்குமங்கும் பறப்பதுபோல் விரலுக்கடியில் துடிப்பு பறந்தது.

“எண்ணும் வே. எண்ண முடியுதா?”

முடியவில்லை.

“இத மைக்ல சொல்லும், பாப்போம்.”

சொல்கிறேன் என்றேன். அடுத்த மேடையில், அதற்கடுத்த மேடையில் என்று தள்ளினேன். நாற்பது ஆண்டுக்கு மேலாயிற்று. சொல்லவே இல்லை.

பின்னாளில் ஒரு மருத்துவர் அத்துடிப்பைத் தாளில் பிடித்தும் விட்டார். நோய்க்குப் பெயர் உண்டு, சரிசெய்ய வழியும் உண்டு என்றார். கோமதிநாயகம் அந்தச் சிகிச்சைக்குப் போகவில்லை.

“இத்தன வருசமாப் பயந்தாங்கொள்ளின்னு சொன்னீய. இப்ப நோயாளின்னு சொல்லுதீய. ரெண்டும் வேண்டாம், விடும்.”

அந்தக் கசப்பை அவருக்கு ஊட்டியவன் நான்...

இன்று காலை அவர் வீட்டுக்குப் போனேன். தெருமுனையில் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி. தறித் தோழர்கள் அன்பினால்தான் அச்சடித்திருக்கிறார்கள். படத்தின் கீழே, கொட்டை எழுத்தில்: ‘குத்தவச்சான்’ கோமதிநாயகம்.

அவர் மனைவி முப்பிடாதி அம்மாள் அழவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்து ஒன்றுதான் கேட்டார்.

“செத்த பொறவுமா அண்ணாச்சி?”

ஐம்பது ஆண்டு மேடையில் பேசியவன், தலை குனிந்து வெளியே வந்தேன்.

போய்வா, கோமதி. மன்னிப்புக் கேட்கும் தகுதிகூட எனக்கு இல்லை.

ஊராரே, மாலை நான்கு மணிக்கு அவரை எடுக்கிறார்கள். எடுத்துச் செல்லும் வழி நெடுகிலும் அந்தச் சுவரொட்டிதான். முப்பிடாதி அம்மாள் வாசலுக்கு வரும்போது அது ஒரு சுவரிலும் இருக்கக் கூடாது.

தேரடியில் நான் தொடங்குகிறேன். பேருந்து நிலையத்துக்கு அருகில் இருப்பவர்கள் அங்கே போங்கள். தறித் தோழர்களே, ஒட்டிய கைகளோடேயே வாருங்கள். இரங்கல் எழுதிக்கொண்டிருக்காதீர்கள். கைபேசியைக் கீழே வையுங்கள்.

எழுந்து போய்க் கிழியுங்கள். இப்போதே.