பாதி விலைப் பெட்டிக்குள் என்ன இருந்தது

கடையில் அவளுக்கு இடுக்கி என்று பெயர். பதினோரு வருடமாக அவள் கையை விட்டு இறங்காத சாமான் அதுதான். முதலில் ரேடியோ, பிறகு கால்குலேட்டர், இப்போது வீட்டுக் கம்ப்யூட்டர். எதைப் பிரித்தாலும் ‘இது ஏன் இப்படி இருக்கு?’ என்று கேட்காமல் மூட மாட்டாள். முதலாளிக்கு அந்தக் கேள்வி பிடிக்காது. பதில் தெரிந்தாலும் பிடிக்காது.

கடையில் ஒரே கம்ப்யூட்டர் இரண்டு விலையில் விற்றது. சின்னது, பெரியது. வெளியிலிருந்து பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். பெரியதில் நினைவகம் இரண்டு மடங்கு, விலையும் கிட்டத்தட்ட அப்படியே. சின்னதை வாங்கிப்போனவர் பிறகு திரும்பி வந்து பெரிதாக்கிக்கொண்டால், மொத்தச் செலவு பெரியதன் விலையையும் தாண்டிவிடும்.

“எடுத்த எடுப்பிலேயே பெருசை வாங்கச் சொல்லலாமே, முதலாளி?”

“சொன்னா பாதிப் பேர் வெறுங்கையோட போயிடுவாங்க. முதல்ல பெட்டி வீட்டுக்குள்ள போகட்டும். ருசி கண்டுட்டா தானா வருவாங்க.”

தையல் மெஷினை மலிவாகத் தள்ளிவிட்டு, மோட்டாரில் லாபம் பார்த்த மனுஷன் அவர். அவருக்கு இது பழகின பாதை.

பெரிதாக்குவது இடுக்கியின் வேலை. பழைய நினைவகச் சில்லுகள் எட்டைக் கழற்றி, புதியவை எட்டை அழுத்த வேண்டும். கழற்றியவை பிஸ்கட் டின்னுக்குப் போகும். ஒரு நாள், புதிதாக வந்த சரக்கில் ஒரு சின்னதைப் பிரித்தவள் இடுக்கியை அந்தரத்தில் பிடித்தபடி நின்றுவிட்டாள். உள்ளே இருந்த சில்லுகளில் பெரியதில் இருக்கும் அதே எண். பலகையின் ஓரத்தில் ஒரு சின்னக் கம்பி இணைப்பு மட்டும் கூடுதல்.

“முதலாளி, இதுல முழுசும் இருக்கு. கம்பியால கட்டிப்போட்டு பாதின்னு விக்கிறாங்க.”

“உன்கிட்ட யார் கேட்டா? கழட்டு, மாத்து, பில்லைப் போடு.”

கழற்றினாள், மாற்றினாள். ஆனால் அவள் நினைப்பு அக்கா வீட்டில் இருந்த சின்னப் பெட்டிக்குப் போய்விட்டது. அதுவும் அதே சரக்குதான்.

அக்காள் புருஷன் குடிநீர் இலாகாவில் வால்வு பார்ப்பவர். எந்தத் தெருவில் எந்த வால்வு எத்தனை அடி ஆழத்தில் இருக்கிறது என்பது அவர் தலைக்குள் மட்டும்தான் இருந்தது. பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்ததும், இலாகா ஒரு வழி சொன்னது. மாதக் கடைசிக்குள் அறுநூறு வால்வையும் கம்ப்யூட்டரில் ஏற்றி, தெருப் பெயரைக் கொடுத்ததும் இடம் வரும்படி செய்து காட்டினால், வீட்டிலிருந்தே வேலை. இல்லாவிட்டால் அத்தோடு சரி. சின்னப் பெட்டியில் முந்நூறுக்கு மேல் ஏறவில்லை. பெரிதாக்கக் கையில் காசில்லை.

ஞாயிற்றுக்கிழமை இடுக்கி போய்க் கம்பியை வெட்டினாள். திரையில் நினைவகம் இரண்டு மடங்காகத் தெரிந்தது.

“இவ்வளவுதானாடி?” என்றாள் அக்கா. “இதுக்கா உங்க முதலாளி அவ்வளவு கேட்டாரு?”

எட்டு நாள் அத்தான் இடது ஆள்காட்டி விரலால் தட்டினார். அக்கா துண்டை மடித்து அவர் முழங்கைக்கு அண்டை கொடுத்தாள், இரண்டு மணிக்கொரு தரம் எழுப்பி உட்கார்த்தினாள். ஒன்பதாம் நாள் இடுக்கியைக் கூப்பிட அக்கா வீட்டிலிருந்து ஆள் வந்தது.

“இந்த ஊர்ல தெருவைத் திருடுற துணிச்சல் யாருக்கும் வந்ததில்ல, மச்சினி,” என்றார் அத்தான், குழறலாக. “உன் பெட்டிக்கு வந்திருக்கு.”

மணிக்கூண்டுத் தெரு இருந்த இடத்தில் கிறுக்கல். அதற்குப் பின்னால் ஏற்றியவற்றிலும் நெடுகக் கிறுக்கல். மாதக் கடைசிக்கு ஆறு நாள் இருந்தது.

மறுநாள் இடுக்கி கடையில் இருந்த சின்னப் பெட்டிகளில் மூன்றைப் பிரித்து வரிசையாக வைத்தாள். இரண்டில் கம்பி இடப்பக்கத் துளைக்குப் போனது, ஒன்றில் வலப்பக்கத் துளைக்கு. வெறும் பூட்டு என்றால் எதற்கு இரண்டு திசை? வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தவள் பளாரென்று நெற்றியில் அடித்துக்கொண்டாள். ஒவ்வொரு சில்லிலும் ஒரு பாதி செத்தது. எந்தப் பாதி உயிரோடு இருக்கிறதோ, கம்பி அதைக் காட்டுகிறது. கம்ப்யூட்டர் கம்பெனி அவற்றை மலிவில் வாங்கித்தான் மலிவில் விற்கிறது. ஏமாற்று என்று நினைத்து அவள் வெட்டியது காவலை.

அத்தானிடம் சொன்னபோது அவர் ஒரு பக்க வாயால் சிரித்தார். “என் கேஸுதான்னு சொல்லு.”

இடுக்கிக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் இன்னொரு கேள்வி வந்தது. சில்லு செய்த ஆலையில் ஒவ்வொன்றையும் உட்கார்ந்து பார்த்தா ஒதுக்கியிருப்பார்கள்? அவசரத்தில் நல்லதும் சில இந்தக் கும்பலில் விழுந்திருக்காதா? டின்னில் அந்தச் சரக்கிலிருந்து கழற்றியவை அறுபத்துநாலு கிடந்தன. மூன்று நாள் சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொன்றாக மேசைக் கம்ப்யூட்டரில் பொருத்தி, முழுக்க நிரப்பி, சூடேற விட்டு, திரும்பப் படிக்க வைத்தாள்.

தேறிய சில்லுகளை முதலாளியிடம் நேராகவே கேட்டாள், கம்பியை வெட்டிய கதையையும் மறைக்காமல். அவர் முகம் கடுகடுத்தது.

“குப்பைதானே, எடுத்துத் தொலை.” பிறகு, “எத்தனை தேறிச்சு?”

“பதினொண்ணு. எனக்கு எட்டு போதும்.”

“மீதி மூணை வச்சிட்டுப் போ. இன்னும் அஞ்சு தேறினா, நடுவுல ஒரு விலை போட்டு ஒண்ணு விக்கலாம்.”

எட்டும் அத்தான் பெட்டிக்குள் போயின. கெட்டுப்போன தெருக்களை அவர் சொல்ல, அக்கா தட்டினாள். விடுபட்டவற்றை அவரே தட்டினார். கடைசி நாள் இலாகாப் பொறியாளர் வந்து, நாற்காலியைக்கூட இழுத்துப் போடாமல், “மணிக்கூண்டுத் தெரு” என்றார்.

திரையில் வந்தது: மூன்றாவது வாசலுக்கு எதிரே, இரண்டடி ஆழம்.

இன்னும் ஏழு தெரு கேட்டார். ஏழும் வந்தன. அப்புறம்தான் உட்கார்ந்தார். “ஒண்ணாம் தேதியிலேர்ந்து கணக்கு வச்சுக்குங்க,” என்று அத்தானிடம் சொல்லிவிட்டு, இடுக்கியின் பக்கம் திரும்பினார்.

“ஆபீசுக்கும் இதே மாதிரி ஒண்ணு வேணும்மா. சின்னதே போதுமா?”

அக்கா தங்கையின் முதுகில் கிள்ளினாள்.

“வாங்குங்க சார்,” என்றாள் இடுக்கி. “திறந்து பாத்துட்டுச் சொல்றேன்.”