காலையில் மடங்காத விரல்கள்

டாக்டரைப் பார்க்க யாராவது அழுக்குப் புடவையில் போவார்களா? வெந்நீரில் குளித்து, தலை பின்னி, இஸ்திரி போட்ட புடவை கட்டி, சாக்கோட்டையில் பஸ் ஏறி, காரைக்குடி ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கி உட்கார்ந்தால், என் முறை வருவதற்குள் உச்சிவேளை ஆகிவிடும். அதற்குள் பாழாய்ப்போன விரல்கள் ஒன்றுமே தெரியாத பிள்ளைகள் மாதிரி மடங்கி நிமிரும். டாக்டரம்மா ஒவ்வொரு விரலாக அமுக்கிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானேம்மா இருக்கு?" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

விடிகாலையில் அல்லவா அந்த அம்மா வந்து பார்க்க வேண்டும்! எழுந்ததும் விரல் பத்தும் வீங்கி விறைத்துக் கிடக்கும். பால் பாக்கெட்டைக் கத்தரிக்க முடியாது. குழாயைத் திருக முடியாது. வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறவள் நான். விரல் போனால் பிழைப்பும் போச்சு.

வயரிங் வேலைக்குப் போகிற என் வீட்டுக்காரரிடம் சொன்னால், "குளிருக்கு எல்லாருக்கும் அப்புடித்தான் இருக்கும். எந்திரிச்சு நடமாடு, சரியாப் போயிரும்" என்பார். "இந்தச் சித்திரை வெயில்ல எங்கிட்டுருந்து குளிரு வருது?" என்று கேட்டால், போனை நோண்ட ஆரம்பித்துவிடுவார்.

டாக்டரம்மாதான் ஒருநாள், காலையில் என்னென்ன செய்கிறது, எவ்வளவு நேரம் இருக்கிறது என்று தினமும் எழுதிக்கொண்டு வரச் சொன்னார். எழுதினேன். எழுந்த உடனே, பேனாவைக் கட்டைவிரலுக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் திணித்துக்கொண்டு எழுதினேன். கோழி கிளறின மாதிரி இருந்தது. படித்தவரிடம் போய் இதையா நீட்டுவது என்று வெட்கமாகப் போய்விட்டது. ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின சாயங்காலம் உட்கார்ந்து, கோடு போட்ட தாளில் மார்ஜின் விட்டு, அத்தனையையும் மணிமணியாகத் திருப்பி எழுதினேன். கிறுக்கலைக் கிழித்துப் போட்டேன்.

டாக்டரம்மா தாளைப் பார்த்தார், என் விரல்களைப் பார்த்தார். "கையெழுத்து ரொம்ப அழகா இருக்கே!" என்றார். மனசைப் போட்டு அலட்டிக்காமல் நன்றாகத் தூங்கச் சொல்லி அனுப்பிவிட்டார். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும் என்று வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டு வந்தேன்.

மறுநாள் விடிந்ததும் இவரை முழங்கையால் இடித்து எழுப்பினேன்.

"எந்திரிங்க. போன்ல என்னைய வீடியோ எடுங்க."

"இந்தக் கோலத்துலயா?"

"இந்தக் கோலத்துலதான்."

கலைந்த தலையும் கசங்கிய நைட்டியுமாகக் குழாயடியில் நின்றேன். கையை மூடப் பார்த்தேன், பாதியில் நின்றுவிட்டது. குழாயைப் பிடித்தேன், வழுக்கியது. வலியில் என்னையறியாமல் "அம்மா" என்றேன். தூக்கக் கலக்கத்தில் எடுத்தாலும் எல்லாம் பதிவாகியிருந்தது.

டாக்டரம்மா அதை இரண்டு தரம் ஓடவிட்டுப் பார்த்தார். விரலோடு சேர்ந்து இவர் குரலும் அதில் பதிவாகி, அந்த அறையில் கேட்டது. "ம், நல்லா மடக்கு. இன்னுங் கொஞ்சம். ஏன் இம்புட்டு நடிக்கிற?" பக்கத்து நாற்காலியில் இவர் தலையைக் குனிந்துகொண்டார். டாக்டரம்மா ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார்.

முடக்குவாதம் என்று வந்தது. ஆயுசுக்கும் மாத்திரை சாப்பிட வேண்டும், விடாமல் சாப்பிட்டால் விரல்களைக் காப்பாற்றிவிடலாம் என்றார். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நோய் இருக்கிறது என்று கேட்டு மனசு குளிர்ந்தவள் ஊரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

திரும்பும் பஸ்ஸில் இவர் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். "எனக்குத் தெரியாமப் போச்சே" என்றார்.

அதுவரை இருந்த சந்தோஷம் எங்கே போனதோ! அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன.

"டாக்டரம்மாவுக்குத் தெரியலைன்னா அது நியாயம். நீங்க பக்கத்துலதான படுத்திருந்தீக?"