அனுசியா கேட்ட தனி டேட்டாபேஸ்

விருத்தாசலத்தில் ராஜாங்கத்தின் பீங்கான் கம்பெனி ஃபியூஸ் கட்டை செய்கிறது. அங்கே பன்னிரண்டு வருஷமாகக் கம்ப்யூட்டர் பார்ப்பவள் அனுசியா. வீட்டில் அடுப்பெரிவது அவள் சம்பளத்தில்தான். அவளுக்கு மேலே மேனேஜர் ஜெயபிரகாஷ். முதலாளி மனைவியின் தம்பி என்பதைத் தவிர அவனுக்கு வேறு தகுதி கிடையாது.

சூளையில் சூடு எவ்வளவு, சோதனையில் எந்த லாட்டுச் சரக்கு தேறவில்லை என்று ஒரு பிரிவு இன்னொன்றுக்கு அனுப்பும் செய்தியெல்லாம் சர்வர் வழியாகப் போகும். எதிர்ப்பக்கம் கம்ப்யூட்டரைத் திறக்கும்வரை சர்வருக்குள் டேபிள் என்கிற பட்டியலில் காத்துக் கிடக்கும். அந்த டேபிளும் சூளைப் பதிவுகளும் ஒரே டேட்டாபேஸில் இருந்தன. செய்தி பெருகப் பெருக எல்லாமே கட்டை வண்டி வேகத்துக்கு வந்துவிட்டது.

"செய்திக்குத் தனி டேட்டாபேஸ் போட்டுடலாம் சார். அரை நாள் வேலை" என்று ஜெயபிரகாஷிடம் மூன்று தடவை கேட்டாள்.

"ஏம்மா, ஒரே வூட்டுல ஒத்துமையா இருந்தா ஒனக்குப் பொறுக்காதா? தனிக்குடித்தனம் கேக்குதா?" என்று சிரித்தான். அவன் சிரித்தால் பக்கத்தில் இருப்பவர்களும் சிரித்தாக வேண்டும். சிரித்தார்கள்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் கம்பெனியே துடைப்பமும் கையுமாக இருந்தது. ஜெயபிரகாஷுக்குக் குனிந்தால் இடுப்பு வலிக்கும். உட்கார்ந்தபடி சுத்தம் செய்யத் தோதாகச் சர்வர்தான் அகப்பட்டது. பழையதைக் கழிக்கிற நாளில் பழைய செய்தி எதற்கு என்று அத்தனையையும் அழித்தான். அழித்த கையோடு சர்வருக்குச் சந்தனப் பொட்டும் வைத்தான்!

பேக்கிங்கில் கம்ப்யூட்டரைத் துடைத்து மூடியிருந்தார்கள். அங்கே யாரும் படிக்காத செய்திகளும் சேர்ந்து தொலைந்தன.

பூஜையெல்லாம் முடிந்து லாரி கிளம்பிய காலையில், சோதனைப் பிரிவு சிவகாமசுந்தரி பதறி ஓடி வந்தாள். "அஞ்சு லாட்ட நிறுத்தச் சொல்லி அனுப்பினேனே! பதினாலாம் நம்பரு மட்டும் ஞாபகம் இருக்குது, மத்தது எதுன்னு தெரியலியே." பேப்பரில் எழுதக் கூடாதென்பதும் ஜெயபிரகாஷ் போட்ட சட்டம்தான்.

"கம்ப்யூட்டரு அனுசியா பொறுப்பு மாமா" என்றான் ஜெயபிரகாஷ், கூசாமல். மாமியார் உடைத்தால் மண்சட்டி, மருமகள் உடைத்தால் பொன்சட்டி.

டிரைவருக்குப் போன் செய்து லாரியை வேப்பூரில் நிறுத்தினார் ராஜாங்கம். "மதியத்துக்குள்ள லிஸ்டு வரணும். இல்லன்னா நாளையிலேருந்து நீ வர வேணாம்" என்றார் அனுசியாவிடம்.

அழிப்பதற்கு முன் எடுத்த நகல் அவளிடம் இருந்தது. ஆனால் அதைப் பழைய இடத்திலேயே ஏற்றினால், பூஜை நாளிலும் அணையாமல் எரிந்த சூளையின் பதிவுகள் அத்தனையும் அழிந்துபோகும். ஒரே வீட்டு ஒற்றுமையின் லட்சணம் இது. யாரிடமும் கேட்கவில்லை. புதிதாக ஒரு டேட்டாபேஸ் உண்டாக்கி, நகலிலிருந்து செய்தி டேபிள்களை மட்டும் அதில் இறக்கி, இனிமேல் செய்திக்கு இங்கே வா என்று சர்வருக்கு வழி மாற்றிவிட்டாள். பதினொன்றரைக்கெல்லாம் ஐந்து லாட்டும் பேக்கிங் திரையில் வரிசையாக வந்து நின்றன. வேப்பூரிலேயே அந்தப் பெட்டிகளை இறக்கினார்கள்.

"இத ஏன் முன்னாடியே செய்யல?" என்றார் ராஜாங்கம்.

"நான்தான் மாமா யோசனை சொன்னேன். இந்தப் பொண்ணுதான் தள்ளிப் போட்டுக்கிட்டே வந்துச்சு."

"அப்ப ரெண்டு டேட்டாபேஸையும் நீயே பாத்துக்க மாப்ள. சொன்னதச் செய்யாத ஆளு நமக்கு எதுக்கு?"

அனுசியாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அழக் கூடாது என்று பல்லைக் கடித்தாள். "சரிங்க, சாரே பாத்துக்கட்டும். போயிட்டு வரேன்" என்று பையை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

கேட்டைத் தாண்டுவதற்குள் ஜெயபிரகாஷ் மூச்சிரைக்க ஓடி வந்தான். "மேடம், அந்தப் புதுசு எங்க இருக்குது, எப்படித் தொறக்கறதுன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க."

பன்னிரண்டு வருஷத்தில் அவன் வாயிலிருந்து வந்த முதல் மேடம். அவன் முதுகுக்குப் பின்னால் ராஜாங்கம் அதைக் கேட்டபடி நின்றுகொண்டிருந்தார்.

"அனுசியா, நீ உள்ள போயி வேலையப் பாரும்மா" என்றார். பிறகு மைத்துனன் பக்கம் திரும்பினார்.

"மாப்ள, நீ வூட்டுக்குப் போ. ஒங்கக்காகிட்ட நான் பேசிக்கிறேன்."